அறியாத குறி

எழுத்தாளர் ஒருவர் தம் கட்டுரையைத் தாளில் எழுதி அச்சகத்திற்கு அனுப்புகிறார். அத்தாளில் இருவகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று, படிப்பவர்க்காக எழுதப்பெற்ற சொற்கள். மற்றொன்று, அச்சுக் கோப்பவர்க்காக இடப்பெற்ற குறிகள். ஒரு சொல்லின் கீழ் நேர்கோடு இருப்பின் அதனைச் சாய்வெழுத்தில் அமைக்க வேண்டும் என்பதும், நெளிகோடு இருப்பின் தடித்த எழுத்தில் அமைக்க வேண்டும் என்பதும் அச்சுத் தொழிலில் நெடுங்காலம் வழங்கிவந்த மரபு. அச்சுக் கோப்பவர் அக்கோடுகளை அச்சிடுவதில்லை. அவை ஏவும் பணியைச் செய்துவிட்டு அவற்றை நீக்கிவிடுகிறார். சொல் படிப்பவரைச் சென்று சேர்கிறது. குறி தன் பணி முடிந்ததும் மறைகிறது.

அவ் அச்சுக் கோப்பவர் தாம் முன்பு கண்டிராத குறி ஒன்றைக் காண்கிறார் எனக் கொள்வோம். ஒரு சொல்லைச் சுற்றி முக்கோணம் ஒன்று வரையப்பட்டிருக்கிறது. அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. அதற்காக அவர் அச்சொல்லையே விட்டுவிட்டு அச்சிட மாட்டார். தம் மனம் போனவாறு பொருள் கற்பித்துக்கொண்டு அதனைப் பெரிய எழுத்தில் அமைக்கவும் மாட்டார். சொல்லை உள்ளவாறே கோத்து, மெய்ப்புத் தாளின் ஓரத்தில் ஒரு வினாக்குறி இட்டு ஆசிரியர்க்கு அனுப்புவார். ஆசிரியரின் விடை வந்தபின் வேலை தொடரும். பழகிய தொழிலாளி எவரும் இங்ஙனமே செய்வர். இதற்கெனத் தனி விதி எதுவும் அவர்க்குத் தேவைப்படுவதில்லை.

அதே வேலையைக் கணிப்பொறி செய்யுங்கால் நிலைமை வேறாகிறது. கணிப்பொறியில் எழுத்துக்களை மட்டுமே கொண்ட எளிய கோப்பு ஒன்றை எழுதுவோர், குறிகளையும் அவ்வெழுத்துக்களைக் கொண்டே இடவேண்டும். ஒரு சொல்லின் இருபுறமும் இவ்விரண்டு உடுக்குறிகளை இட்டால் அது தடித்த எழுத்து; வரியின் தொடக்கத்தில் # என்னும் குறியை இட்டால் அது தலைப்பு; இவ்வாறு பல வழக்கங்கள் உள்ளன. இங்ஙனம் குறியிட்ட கோப்பைப் படித்து, அதனை வலைப்பக்கமாகவோ அச்சு நூலாகவோ ஆக்கித் தரும் நிரலை உருமாற்றி எனலாம். தாளில் கோடும் எழுத்தும் ஒன்றோடொன்று மயங்கா. ஆனால் எளிய கோப்பிலோ, குறியும் சொல்லும் ஒரே விசைப்பலகையிலிருந்து பிறந்தவை. உருவத்தால் அவற்றுக்கிடையே வேற்றுமை இல்லை. இன்ன எழுத்துச் சொல்லைச் சார்ந்தது, இன்ன எழுத்துக் குறியைச் சார்ந்தது என்று உருமாற்றிதான் தீர்மானிக்க வேண்டும். தனக்குக் கற்பிக்கப்படாத குறியொன்று எதிர்ப்படும்போது அது யாது செய்தல் வேண்டும்? சிறு வினாவாகத் தோன்றும் இஃது, அறுபது ஆண்டுகளாக நிரல் எழுதுவோரிடையே பலவாறு விடையிறுக்கப்பட்டு வந்துள்ளது.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் என்பார் ரன்ஆஃப் என்னும் நிரலை எழுதினார். தட்டெழுதிய உரையை ஒழுங்குறப் பக்கங்களாக அமைத்துத் தருவது அதன் பணி. சொல்லையும் குறியையும் பிரித்தறிய அவர் மிக எளிய வழி ஒன்றைக் கண்டார். புள்ளியில் தொடங்கும் வரி கட்டளை. ஏனைய வரிகள் உரை. எந்த வாக்கியமும் புள்ளியில் தொடங்குவதில்லை ஆதலின் இவ்வழி நன்கு பயன்பட்டது. பின்னர் 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோசப் ஒசானா எழுதிய ட்ராஃப் என்னும் நிரலும் இவ்வழியையே மேற்கொண்டது. யூனிக்ஸ் என்னும் இயக்க முறையின் கையேடுகள் அதன் குறிகளைக் கொண்டு எழுதப்பெற்றன. அவ்வழி வந்த முறைகளில் இன்றும் கையேட்டுப் பக்கங்கள் அக்குறிகளாலேயே எழுதப்படுகின்றன.

ட்ராஃப் நிரல் அறியாத கட்டளையைக் கண்டால் ஒன்றும் சொல்லாது அவ்வரியைத் தாண்டிச் செல்லும். இதற்குத் தக்க காரணமும் இருந்தது. ஒரே கோப்பு, அழகிய எழுத்துக்களை அச்சிடவல்ல பொறிக்கும் செல்லும். ஒரே அளவு எழுத்தையன்றி வேறறியாத தட்டச்சுப் பொறிக்கும் செல்லும். எழுத்தின் அளவை மாற்றுக என்னும் கட்டளை பின்னதற்குப் பொருளற்றது. ஒவ்வொரு முறையும் நின்று முறையிடுவதைவிட, தனக்குப் பயன்படாத கட்டளையை வாளா விட்டுச் செல்வதே நன்றென்று கருதினர்.

ஆயினும் எந்த வாக்கியமும் புள்ளியில் தொடங்காது என்னும் கருத்து, கணிப்பொறியைப் பற்றிய கையேடுகளிலேயே பொய்த்தது. யூனிக்ஸ் முறையில் புள்ளியில் தொடங்கும் கோப்புப் பெயர்கள் பல உண்டு. ‘புரொஃபைல்’ என்னும் சொல்லின் முன் புள்ளியிட்ட பெயர் அவற்றுள் ஒன்று. கையேடு எழுதும் ஒருவர், ‘பயனர் தம் கோப்பகத்திலுள்ள .புரொஃபைல் என்னும் கோப்பைத் திறந்து, கீழ்க்காணும் வரியை அதில் சேர்க்க’ என்று எழுதுகிறார். வரிகள் மடிந்தபோது ‘.புரொஃபைல்’ என்பது இரண்டாம் வரியின் தொடக்கத்தில் வந்து விழுந்தது. உருமாற்றி அப்புள்ளியைப் பார்த்தது. இது கட்டளை என்று கொண்டது. தான் அறிந்த கட்டளை அன்று என்று கண்டது. வரி முழுவதையும் விட்டுவிட்டது. கையேட்டைப் படிப்பவர்க்கு, எந்தக் கோப்பைத் திறப்பது என்னும் செய்தி கிட்டவில்லை. ட்ராஃப் நிரலில் ஒற்றை மேற்கோட் குறியும் புள்ளியைப் போன்றே கட்டளையைத் தொடங்கும் குறியாகும். ஆதலால், மேற்கோளிட்ட சொல்லொன்று வரியின் முதலில் அமைந்தால் அவ்வரிக்கும் இதே கதி நேரும்.

இத்தகைய பிழை யூனிக்ஸ் கையேடுகளில் பன்முறை கண்டு திருத்தப்பட்டதாகும். இதில் வியப்பு என்னவெனில், நேற்று வரை நன்றாக இருந்த பக்கம் இன்று குறையுடையதாகலாம். முன்வரியில் ஒரு சொல்லை யாரோ சேர்த்தனர். வரிகள் மீண்டும் மடிக்கப்பட்டன. இதுகாறும் வரியின் நடுவில் பாதுகாப்பாக இருந்த புள்ளி முதலிடத்திற்கு வந்துவிட்டது. சேர்த்தவர் தாம் சேர்த்த சொல்லை மட்டும் பார்த்து மனநிறைவு கொண்டார். காணாமற்போன வரி, போனதற்கான சுவடு எதனையும் விட்டுச் செல்லவில்லை. பிறழ அச்சிட்ட சொல் கண்ணில் உறுத்தும்; அச்சிடப்படாத சொல் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. இதனைத் தடுக்க, வரியின் தொடக்கத்தில் உருவமற்ற காவற்குறி ஒன்றை இடும் முறை உண்டு. ஆனால் ஆபத்தை முன்னரே அறிந்தவர்தாம் அதனை இடுவர். பின்னாளில் எழுந்த ஜி-ராஃப் என்னும் நிரல், கேட்டுக்கொண்டால் அறியாத கட்டளைகளைப் பற்றி எச்சரிக்கும் வசதியை உடையது. ‘கேட்டுக்கொண்டால்’ என்பது கவனிக்கத்தக்கது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு குனூத் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். தம் நூலின் அச்சு மெய்ப்பு அழகு குன்றி வந்தமை கண்டு மனம் வருந்தி, அச்சமைப்பிற்கென அவரே டெக் என்னும் நிரலை ஆக்க முற்பட்டார். 1978-இல் அது பயனுக்கு வந்தது. டெக் தான் அறியாத கட்டளையைக் கண்டவுடன் நின்றுவிடும். ‘வரையறுக்கப்படாத கட்டளை’ என்று அறிவிக்கும். எத்தனையாவது வரி என்று சொல்லும். அவ்வரியைத் தவறு நேர்ந்த இடத்திலேயே இரண்டாக ஒடித்துக் காட்டும். பின்னர் ஒரு வினாக்குறியை இட்டு மறுமொழிக்காகக் காத்திருக்கும். எழுதியவர் அப்போதே சரியான கட்டளையைத் தட்டிச் சேர்க்கலாம். இதனைப் பொருட்படுத்தாது மேலே செல் என்றும் பணிக்கலாம். மெய்ப்புத் தாளில் வினாக்குறி இட்டு ஆசிரியர்க்கு அனுப்பிய அச்சுக் கோப்பவரின் பண்பு இந்நிரலில் விளங்குகிறது.

இதனினும் சிறந்த முறை வேண்டுமோ எனத் தோன்றலாம். எழுதியவரே பொறியின் முன் அமர்ந்திருக்கும்வரை வேண்டுவதில்லைதான். ஆனால் நள்ளிரவில் ஆயிரம் கோப்புகளை எவர் மேற்பார்வையும் இன்றிக் கணிப்பொறி தானே உருமாற்றும் காலம் வந்தது. அங்கே வினாக்குறியை இட்டுக் காத்திருந்தால் பொழுது விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனினும் பெரிய மாறுதல் ஒன்று, உலகளாவிய வலையோடு வந்தது.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்சு-லீ வலைப்பக்கங்களுக்கென வகுத்த குறியீட்டு மொழி எச்.டி.எம்.எல். என்பது. அதில் குறிகள் கோண அடைப்புக்குள் எழுதப்படும். தொடக்கக் குறி ஒன்றும் முடிவுக் குறி ஒன்றுமாக இரண்டு இருக்கும். அவற்றிடையே உரை இருக்கும். 1995 நவம்பரில் வெளிவந்த அம்மொழியின் இரண்டாம் பதிப்பு விதிகள், அறியாத குறியைக் குறித்துத் தெளிவாகவே கூறின. உலாவி அக்குறியை மட்டும் இல்லாததாகக் கொள்ளவேண்டும். குறிகளுக்கு இடைப்பட்ட உரையை அல்ல. ட்ராஃப் வரி முழுவதையும் விட்டது, எச்.டி.எம்.எல். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆளைக் காத்தது. இங்குப் படிப்பவர் வேறு, எழுதியவர் வேறு. படிப்பவர்க்கு எழுதியவரின் பிழையைத் திருத்தும் வழி இல்லை. ஆகவே அவரை நிறுத்தி வினாக் கேட்பதில் பயனில்லை என்று உணர்ந்து செய்த விதி இது.

வலை விரைந்து வளர்ந்ததற்கு இவ்விதி பெருந்துணை ஆயிற்று. புதிய குறிகள் தோன்றிய வண்ணம் இருந்தன. பழைய உலாவிகள் அவற்றை அறியா. எனினும் பக்கங்களில் உள்ள சொற்களைக் காட்டின. ஆனால் இவ்விதிக்கும் ஓர் இடையூறு நேர்ந்தது. பக்கத்தினுள்ளேயே சிறு நிரல்களை எழுதிவைக்கும் வழக்கம் வந்தபோது, அவற்றைப் பொதிந்து வைக்கும் புதிய குறியைப் பழைய உலாவிகள் அறியவில்லை. விதிப்படி குறியை நீக்கிவிட்டு உள்ளிருந்ததை உரை எனக் கொண்டு, நிரல் முழுவதையும் படிப்பவர் முன் கொட்டின. பக்கம் ஆக்குவோர் அந்நிரலை விளக்கக் குறிப்புப் போன்று மறைத்து எழுதி இத்தொல்லையிலிருந்து தப்பினர். குறிகளுக்கிடையே இருப்பனவெல்லாம் படிப்பவர்க்கு உரியன என்று கொள்வதும் எப்போதும் பொருந்துவதில்லை என்பது இதனால் தெரிந்தது.

இப்பொறுமை மிகுந்துவிட்டது என்று கருதியவர்களும் உண்டு. 1998-இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். விதிகள், முன்பின் அறியாத குறிப்பெயரைப் பொறுத்துக்கொண்டன. ஆனால் குறிகள் ஒழுங்கு பிறழ்ந்திருப்பின், முடிவுக் குறி ஒன்று விடுபட்டிருப்பினும், படிக்கும் நிரல் பிழையை அறிவித்து அவ்விடத்தே நின்றுவிடல் வேண்டும் என்று கட்டளையிட்டன. தொழிற்சாலைகளும் வங்கிகளும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கு இக்கண்டிப்பு ஏற்றதே. ஆனால் வலைப்பக்கங்களையும் இம்முறைப்படி எழுத முயன்றபோது, எங்கோ ஒருவர் விட்ட சிறு பிழைக்காக, வேறெங்கோ ஒருவர் பக்கத்திற்குப் பதிலாகப் பிழை அறிவிப்பைக் காண நேர்ந்தது. தவறு செய்தவர் ஒருவர், தண்டனை பெற்றவர் மற்றொருவர். வலையுலகம் இதனை ஏற்கவில்லை. 2014-இல் முடிவுற்ற எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பு விதிகள், எத்தகைய பிழையுள்ள பக்கத்தையும் எவ்வாறு படித்துக் காட்டுவது என்பதைப் படிப்படியாக வகுத்துரைத்தன.

இனி எளிய கோப்புகளின் குறிகளுக்கு வருவோம். இன்று பெரிதும் வழங்கும் மார்க்டவுன் என்னும் முறையை 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்டார். மின்னஞ்சல் எழுதுவோர் இயல்பாக இட்டுவந்த குறிகளையே அவர் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார். இம்முறையில் பிழையுள்ள கோப்பு என்பதே இல்லை. உருமாற்றி அறிந்த குறி குறியாகும். அறியாதது வெறும் எழுத்தாக, எழுதியவாறே நிற்கும். இதன் விதிகளைச் செம்மைப்படுத்த 2014-இல் தொடங்கப்பெற்ற காமன்மார்க் என்னும் திட்டமும், எவ்வகை எழுத்து வரிசையும் முறையான கோப்பே என்று கொண்டது. அடிக்குறிப்பிற்கு ஒரு கிளைமுறையில் [^1] என்று எழுதுவர். அதனை அறியாத உருமாற்றியிடம் அக்கோப்பைக் கொடுத்தால், பக்கத்தின் நடுவே [^1] என்றே தோன்றும். காட்சிக்கு அழகில்லை, ஆயினும் ஒன்றும் தொலையவில்லை. படிப்பவர் சிறிது சிந்தித்தால், கீழே அதே குறியுடன் நிற்கும் வரியைக் கண்டு பொருத்திக்கொள்வர்.

அறியாமையைவிடத் தவறாக அறிந்ததாக எண்ணுதல் கேடு மிகுதியும் விளைப்பது. மார்க்டவுனின் முதல் விதிப்படி, அடிக்கோட்டுக் குறி இரண்டிற்கு இடைப்பட்ட எழுத்துக்கள் சாய்வெழுத்தாகும். நிரல் எழுதுவோரோ சொற்களை அடிக்கோட்டுக் குறியால் இணைத்து நீண்ட பெயர்களை அமைப்பர். அத்தகைய பெயரில் இரண்டு அடிக்கோடுகள் இருப்பின், உருமாற்றி அவற்றை விழுங்கிவிட்டு நடுப்பகுதியைச் சாய்த்து எழுதும். படிப்பவர் அப்பெயரைப் பார்த்து எழுதினால் அது வேறொரு பெயராகும். ஆகவே பின்வந்த விதிகள், சொல்லின் நடுவே வரும் அடிக்கோட்டை எழுத்தாகவே கொள்ளும்படி திருத்தப்பட்டன. ஐயம் நேர்ந்தவிடத்து ஊகித்துச் செயற்படாமை உருமாற்றிக்கும் நன்று. 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சுவடியில் சிதைந்திருந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினாரேயன்றித் தாமே சொற்களைப் படைத்து நிரப்பவில்லை. 267, 268-ஆம் பாட்டுக்கள் கிடைக்காதனவாகவே இன்றும் எண் குறிக்கப்படுகின்றன. அவருடைய தமிழ்ப் புலமைக்கு ஓரடியை இட்டு நிரப்புதல் அரிதன்று, எனினும் செய்யவில்லை.

‘எழுதியவாறே நிற்கவிடுக’ என்பது எளிய விதியாகத் தோன்றினும் அதனைச் செய்வதில் ஒரு நுட்பம் உண்டு. உருமாற்றியின் கையை விட்டு வெளியேறும் எழுத்து, அடுத்து மற்றொரு நிரலின் கைக்குச் செல்கிறது. இங்கு வெறும் எழுத்தாக இருப்பது அங்குக் குறியாக இருக்கலாம். டெக் நிரலில் % என்பது குறிப்புரையின் தொடக்கம். அதற்குப்பின் அவ்வரியில் உள்ளவற்றை அது படிப்பதில்லை. ஒரு விலைப்பட்டியலில், ‘விலையில் 50% தள்ளுபடி, உறுப்பினர்க்கு மட்டும்’ என்று இருக்கிறது. உருமாற்றி அதனை எழுதியவாறே டெக் கோப்பில் இட்டுவிட்டால், அச்சிட்ட தாளில் ‘விலையில் 50’ என்பதோடு வரி நின்றுவிடும். எழுத்து எழுத்தாகவே தோன்றவேண்டுமாயின், செல்லும் இடத்தின் மொழியில் அதற்குக் காவல் இட்டு அனுப்புதல் வேண்டும். டெக் மொழியில் % குறியின் முன் ஒரு சாய்கோட்டையும், எச்.டி.எம்.எல். மொழியில் கோண அடைப்பிற்குப் பதிலாக அதனைக் குறிக்கும் வேறு எழுத்துத் தொடரையும் இடுவர்.

இக்காவல் தவறுவதால் நேரும் இழப்புக்களுள் மிகவும் பரவலானது ஒன்றுண்டு. மார்க்டவுனில் எழுதுவோர் வேண்டும்போது எச்.டி.எம்.எல். குறிகளையும் இடையே எழுதிக்கொள்ளலாம். உருமாற்றி அவற்றைத் தொடாமல் அப்படியே அனுப்பும். மறுபுறம், கட்டளைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், ‘இவ்விடத்தில் உங்கள் கோப்பின் பெயரை இடுக’ என்பதைக் குறிக்க, ஆங்கிலத்தில் ‘பெயர்’ என்று பொருள்படும் சொல்லைக் கோண அடைப்புக்குள் எழுதுவது வழக்கம். இவ்விரு வழக்கங்களும் சந்திக்கின்றன. கோண அடைப்பைக் கண்ட உருமாற்றி, இஃது எச்.டி.எம்.எல். குறி போலும் என்று தொடாமல் அனுப்புகிறது. உலாவி, தான் அறியாத குறி என்று அதனை நீக்கிவிடுகிறது. கட்டளையின் முற்பகுதி மட்டும் பக்கத்தில் நிற்கிறது. பெயர் இடவேண்டிய இடம் தோன்றவே இல்லை. உருமாற்றி தன் விதிப்படி நடந்தது. உலாவியும் தன் விதிப்படி நடந்தது. இரண்டும் பொறுமையுடையன, இரண்டும் குறை கூறத்தக்கன அல்ல. எனினும் அவற்றிற்கு இடையே ஒரு சொல் வீழ்ந்து மறைந்தது. ஒன்றேனும் வாய் திறந்திருந்தால் எழுதியவர் அறிந்திருப்பார். கணிப்பொறிக் கட்டளையில் ஒரு பெயர் குறைவது சிறு குற்றம் அன்று. ஒரு கோப்பிற்கு மட்டும் இட்ட கட்டளை, பெயர் குறைந்தால் நிறைவேறாது போகலாம். சில கட்டளைகள் அங்குள்ள எல்லாக் கோப்புகளையும் பற்றிக்கொள்ளவும் கூடும்.

சொல்லையும் காத்து, எழுதியவர்க்கும் அறிவிக்கும் உருமாற்றிகள் இல்லாமல் இல்லை. பைத்தான் என்னும் நிரல்மொழியின் கையேடுகள் எழுதப்பெறும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்னும் முறையில், அறியாத கட்டளை ஒன்று வந்தால், உருமாற்றி ஆக்கித் தரும் பக்கத்தில் அவ்விடத்திலேயே ஓர் அறிவிப்பு எழுதப்படும். ‘இப்பெயருடைய கட்டளையை அறியேன்’ என்னும் அவ்வறிவிப்பின் கீழ், எழுதியவர் இட்ட மூல வரிகள் அப்படியே எடுத்துக் காட்டப்படும். அம்முறை பிழைகளைச் சிறு செய்தி, எச்சரிக்கை, பிழை, பெரும்பிழை என நான்கு நிலைகளாகப் பகுத்து, எந்நிலையில் அறிவிப்பது, எந்நிலையில் வேலையை நிறுத்துவது என்பதைப் பயன்படுத்துவோரே முடிவு செய்ய விடுகிறது. ஆர்க் என்னும் மற்றொரு முறையை 2003-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியல் அறிஞர் கார்ஸ்டென் டொமினிக் ஆக்கினார். அதில் ஓர் இணைப்பு எங்குச் செல்கிறது என்று கண்டுபிடிக்க இயலாவிட்டால் உருமாற்றி வேலையை நிறுத்திவிடும். நிறுத்தவேண்டா, ஆனால் குறித்துக் காட்டுக என்று முன்னரே பணித்தால், அவ்விடத்தில் ‘முறிந்த இணைப்பு’ என்று அடைப்புக்குள் எழுதிவிட்டு மேலே செல்லும்.

ஜான் மெக்ஃபார்லேன் என்பவர் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். அவர் 2006-இல் வெளியிடத் தொடங்கிய பாண்டாக் என்னும் உருமாற்றி, பற்பல குறியீட்டு முறைகளைப் படித்துப் பற்பல வடிவங்களில் எழுதித் தரவல்லது. கணிதச் சூத்திரம் ஒன்றை அதனால் வலைப்பக்கத்திற்கு ஏற்ப மாற்ற இயலவில்லையாயின், சூத்திரத்தை எழுதியவர் எழுதிய டெக் வடிவிலேயே பக்கத்தில் இட்டு, மாற்ற இயலவில்லை என்று தனியே எச்சரிக்கையும் விடுக்கும். படிப்பவர்க்குச் சூத்திரம் கிடைக்கிறது. எழுதியவர்க்குச் செய்தி கிடைக்கிறது. முன்னர்க் கூறிய அச்சுக் கோப்பவர் செய்ததும் இவ்விரண்டே. ஆனால் பாண்டாக் எல்லாவிடத்தும் இங்ஙனம் நடப்பதில்லை. டெக் மொழிக்கே உரிய பகுதி ஒன்று மார்க்டவுன் கோப்பின் இடையே இருந்தால், அதனைத் தனியே முத்திரையிட்டு வைத்துக்கொள்கிறது. டெக் வடிவில் எழுதும்போது அப்பகுதி அப்படியே வெளிவரும். வலைப்பக்கமாக எழுதும்போது விடுபட்டுப் போகும். விட்டவற்றை விரிவாகச் சொல்க என்று பணித்தால் சொல்லும். பக்க அமைப்பிற்கான ஆணை விடுபட்டால் இழப்பில்லை. அதே வழியில் ஓர் அட்டவணை முழுவதும் விடுபட்டாலும் உருமாற்றிக்கு வேற்றுமை தெரியாது. எனவே பழகியவர்கள் விரிவான அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது வழக்கம். ஓர் எச்சரிக்கை எழுந்தாலும் வேலை தோல்வியுற்றதாகக் கொள்க என்று பணிப்பதற்கும் அந்நிரலில் இடமுண்டு. நள்ளிரவில் ஆளின்றி நடக்கும் வேலைக்கு அது பெரிதும் ஏற்றது. காலையில் வருபவர், எந்தக் கோப்பில் எந்த வரியில் வேலை தடைப்பட்டது என்பதைக் கண்டு திருத்திக்கொள்ளலாம்.

எழுதும்போது ஒரு முறையும் வெளியிடும்போது ஒரு முறையும் வேண்டப்படுகின்றன என்பதையும் இங்குக் கருதவேண்டும். கட்டுரை பாதி எழுதிய நிலையில், எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்புபவர்க்கு, ஒவ்வொரு குறையிடத்தும் நின்றுவிடும் உருமாற்றி தொல்லையே தரும். அவர்க்கு வேண்டுவது, குறையைச் சிவந்த எழுத்தில் காட்டிவிட்டு எஞ்சியதைத் தரும் உருமாற்றி. அதே கட்டுரை ஆயிரம் படிகளாக அச்சேறும் நாளில், ஒரு குறை இருப்பினும் நின்றுவிடுவதே நன்று. இரு நிலைக்கும் ஒரே விதியை வகுக்க முயன்றோர் இரண்டிலும் இடர்ப்பட்டனர்.

இவையனைத்தினும் கவலைக்குரியது, பழைய கோப்புகளை ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு ஒரேயடியாக மாற்றிவிட்டுப் பழையவற்றை நீக்கிவிடும் வேலை. நூலகங்களும் அலுவலகங்களும் தம் பழைய ஆவணங்களைப் புதிய முறைக்குக் கொண்டுவரும்போது இது நிகழ்கிறது. வலைப்பக்கம் ஆக்கும்போது ஒரு வரி விடுபட்டால், மூலக் கோப்பு கையில் இருப்பதால் மறுமுறை ஆக்கிக்கொள்ளலாம். இங்கோ மாற்றப்பட்டதே இனி மூலம். அப்பணிக்கு அமைந்த உருமாற்றி, தான் அறியாத குறி ஒவ்வொன்றையும் அதன் உரையோடு அப்படியே காவலிட்டுப் புதிய கோப்பில் வைத்து, பின்னால் தேடினால் அகப்படும்படி ஒரே வகையான அடையாளச் சொல்லையும் அதன் அருகில் இடவேண்டும். 17-ஆம் கோப்பு 204-ஆம் வரி என்றவாறு பட்டியல் ஒன்றையும் தரவேண்டும். பத்தாண்டு கழித்து அக்குறியின் பொருளை அறிந்த ஒருவர் வந்தால், அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அடையாளமிட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகவும் அட்டவணை அட்டவணையாகவும் அமையும்படி செய்துவிடலாம்.